ரெண்டு லைன் வச்சிருந்தவர்

இன்டர்நெட்டை உபயோகித்தவர்கள் உலகத்தில் கோடிக்கணக்கில் இருக்கலாம். அதை வளர்த்தவர் ஒருவர்தான். அவர் ராஜபாளையத்தில், பஞ்சு மார்க்கெட்டுக்குப் பின்னால் எங்கள் தெருவில், பச்சைக் கேட் போட்ட வீட்டில் இருந்தார். ஊரில் மற்றவர்கள் நாய் வளர்த்தார்கள். அவர் இன்டர்நெட் வளர்த்தார். அதுவும் ஒன்றல்ல, இரண்டு.

ஞானஸ்நானத்தில் அவருக்கு வைத்த பெயர் ஏதோ ஒரு அப்போஸ்தலருடையது. ரேஷன் கார்டில்கூட அது இருந்திருக்கும். ஆனால் தபால்காரர் முதல் கோயில் ஃபாதர் வரை எல்லோருக்கும் அவர் 'ரெண்டு லைன்'தான். நேரில் 'அண்ணாச்சி' என்போம். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் 'ரெண்டு லைன் போறாரு' என்போம். அவருக்கும் அது தெரியும். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

கதை சாதாரணமாகத்தான் ஆரம்பித்திருக்கிறது. ஃபைபர் என்ற பேச்சே ஊருக்குள் நுழையாத காலம். முதலில் டெலிபோன் லைன் வழியாக வரும் பிராட்பேண்ட் வாங்கினார். டி.எஸ்.எல். என்று அதற்குப் பெயர். அடுத்த வருஷமே கேபிள் டிவிக்காரர் வந்து, "அண்ணாச்சி, டிவி வாற ஒயர்லயே நெட்டும் தாரேன், பறக்கும்" என்றார். அதையும் வாங்கினார். "ரெண்டுல எது நல்லதோ அதை வச்சுக்கிட்டு இன்னொண்ணைத் திருப்பிக் குடுத்துருங்க" என்று அக்கா, அதாவது அவர் வீட்டம்மா, சொன்னார். "செத்த பொறு, பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றார் இவர். அந்தச் செத்த நேரம் வருஷக்கணக்கில் நீண்டுவிட்டது. கீழ் ஹாலில் டெலிபோன் லைன், மாடி அறையில் கேபிள் லைன் என்று இரண்டும் குடியேறிவிட்டன.

அவர் ஒரு ஸ்பின்னிங் மில்லில் மெயின்டனன்ஸ் ஃபோர்மேன். எந்த மெஷின் எவ்வளவு வேகம் ஓடுகிறது என்று பார்ப்பதுதான் உத்தியோகம். வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது. நான் இன்ஷூரன்ஸ் ஆபீஸ் வேலைக்காக அந்த ஊருக்குப் போய், பக்கத்து வீட்டில் வாடகைக்குக் குடியேறிய முதல் நாளே பிடித்துக்கொண்டார். காபி வரவில்லை. அருவி வந்தது.

"இதப் பாருங்க தம்பி" என்று கீழே இருந்த கம்ப்யூட்டரில் ஒரு அருவியின் வீடியோவைப் போட்டார். தண்ணீர் விழும், நிற்கும், யோசிக்கும், மறுபடி விழும். "பாத்தாச்சா? இப்ப மாடிக்கு வாங்க." மாடியில் அதே அருவி ஹோவென்று கொட்டியது. "ஆகா, இதுதான் நல்லது" என்று தெரியாமல் சொல்லிவிட்டேன். "அவசரப்படாதீய. சாயந்தரம் வாங்க" என்றார்.

சாயந்தரம் போனேன். மாடியில் அருவி பாதி மலையில் அப்படியே அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கீழே வந்தால், காலையில் பார்த்த அதே நோஞ்சான் அருவி நோஞ்சானாகவே விழுந்துகொண்டிருந்தது. எனக்கே ஒரு மாதிரி உற்சாகமாகிவிட்டது. "எப்படி அண்ணாச்சி?" என்றேன். இந்தக் கேள்விக்காக அவர் வாழ்நாள் முழுக்கக் காத்திருந்திருக்கிறார்.

"டெலிபோன் லைன்ங்கிறது எக்ஸ்சேஞ்சுல இருந்து நம்ம வீட்டுக்குன்னே தனியா வாற கம்பி தம்பி. வேற ஒருத்தன் கை வைக்க ஏலாது. ஆனா தூரம் கூடக் கூட தெம்பு போயிரும். நம்ம வீடு எக்ஸ்சேஞ்சுல இருந்து தள்ளிக் கெடக்கு, அதான் இந்த முக்கு முக்குது. கேபிள் அப்படியில்ல. ஒரே ஒயரு, தெருவுக்கே பொது. காலையில எல்லாரும் வேலைக்குப் போயிருதாவ, நம்ம ஒத்த ஆளுக்கு அம்புட்டும் கெடைக்கி. சாயந்தரம் எல்லாரும் வீட்டுக்கு வந்து ஏறிக்கிடுதாவ, பாதிலயே நின்னுருது."

இதைச் சொல்லிவிட்டு அவர் சும்மா இருந்திருந்தால் அவர் ரெண்டு லைன் இல்லை. சாயந்தரமானால் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிடுவார். கேபிள் நெட் வைத்திருக்கும் வீடுகளாகப் பார்த்துக் கதவைத் தட்டுவார்.

"என்ன பாக்கிய?"

"கிரிக்கெட் அண்ணாச்சி."

"ஆஃப் பண்ணுங்க. நான் டிவில பாத்து ஸ்கோர் சொல்லுதேன்."

சொல்லவும் செய்தார்! மாடி ஜன்னலில் நின்றுகொண்டு, "ஃபோரு! ஏலே, ஃபோரு!" என்று கத்துவார். ஒரு மேட்ச் முழுக்க நாங்கள் வாசலில் நாற்காலி போட்டு அவர் வாயாலேயே பார்த்தோம். விக்கெட் விழுந்தால் சொல்ல மாட்டார். யாராவது மனசு வெறுத்து நெட்டைப் போட்டுவிடுவார்கள் என்று பயம்.

கீழே உள்ள லைனுக்கு வேறு சீக்கு. போன் மணி அடித்தால் நெட் அறுந்துவிடும். நடுவில் மாட்ட வேண்டிய ஒரு சின்ன டப்பா பழுதாகியிருந்தது என்று பிற்பாடு தெரிந்தது. அதுவரை போன் செய்கிறவன் எல்லாம் அவருக்கு எதிரி. மச்சான் ஆஸ்பத்திரியிலிருந்து, "அத்தான், ஆம்பளப் பிள்ள பொறந்திருக்கு" என்று போன் செய்திருக்கிறார். "சந்தோசம்டா, போனை வையி, ஸ்பீடு விழுது" என்று பதில் வந்திருக்கிறது. பெரிய மழை என்றால் இன்னும் மோசம். பிளவக்கல் அணைப் பக்கம் மேகம் கறுத்தாலே இங்கே சுவரில் இருந்த ஒயர் ஜாயின்ட்டுக்குக் குளிர் கண்டுவிடும். ஆஸ்பத்திரிகளுக்குப் பேண்டேஜ் துணி நெய்கிற ஊர், எதற்குப் பஞ்சம் வந்தாலும் அதற்குப் பஞ்சம் கிடையாது. அதை எடுத்துச் சுற்றோ சுற்றென்று சுற்றி, மேலே பிளாஸ்டிக் பையைக் கட்டி வைத்திருந்தார். டெலிபோன் லைன்மேன் வந்து நிமிர்ந்து பார்த்துவிட்டு, "எந்த ஆஸ்பத்திரியில அண்ணாச்சி காட்டுனிய?" என்று கேட்டார்.

இவருக்கு ஒரே மகள், ஸ்டெல்லா. பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து நல்ல இடம் வந்தது. பையனுக்கு மஸ்கட்டில் வேலை. பெண் பார்த்து, பையனும் பெண்ணும் பேசி, இருவருக்கும் பிடித்துப்போய், வருகிற ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முதல் ஓலை வாசிக்க ஏற்பாடாகிவிட்டது. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று மூன்று ஞாயிறு ஃபாதர் பூசையில் வாசித்துவிட்டால் அப்புறம் கல்யாணம்தான்.

வெள்ளிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து போன் வந்தது. "எங்களுக்குச் சரிப்பட்டு வராது. ஓலையை நிறுத்திருங்க." காரணம் கேட்டதற்கு, "அதான் ஊரே சொல்லுதே, எங்க வாயால வேற சொல்லணுமா?" என்று வைத்துவிட்டார்கள்.

ஸ்டெல்லா சாப்பிடாமல் கட்டிலில் சுருண்டுவிட்டாள். அக்கா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று அழுதார். என்ன நடந்தது என்பதை எதிரே இருந்த பெட்டிக்கடைக்காரர்தான் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். அதுவும் தான் ஒரு நல்ல காரியம் செய்த தோரணையில்.

"மாப்பிள்ளைக்குத் தாய்மாமனாம், நேத்து விசாரிக்க வந்தாரு. நான் ஒரு கொறையும் சொல்லலயே! நல்ல மனுசன், குடி கெடையாது, என்ன, ரெண்டு லைன் வச்சிருக்காரு, அம்புட்டுதான்னு சொன்னேன். 'ரெண்டா?'ன்னாரு. ஆமா, ஒண்ணு கீழ, ஒண்ணு மாடியில. காலையில மாடியில இருப்பாரு, சாயந்தரம் கீழ வந்துருவாருன்னு சொன்னேன். 'வீட்ல சண்டை வராதா?'ன்னாரு. அந்தம்மாவுக்குப் பழகிப்போச்சுன்னேன். தப்பா?"

எனக்குத் தலை சுற்றியது. நம் பாஷையில் லைன் என்றால் என்ன, 'வச்சிருக்காரு' என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. இரண்டையும் சேர்த்து ஒரு பெண்ணின் தகப்பனார் தலையில் கட்டினால் எந்த மாமன்தான் ஓலை வாசிக்க விடுவான்?

அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஆனால் புருஷனிடம் இதை எப்படி வாய்விட்டுச் சொல்வது? "நீங்க ரெண்டு லைன் வச்சிருக்கியன்னு அவியளுக்குக் கோவமாம்" என்று மட்டும் சொன்னார். அண்ணாச்சி துள்ளி எழுந்தார். "அதுல என்ன தப்பு? நானே நேர்ல போய் வெளக்குதேன்!"

அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தம்பி, நீங்களும் கூடப் போங்க. என் பிள்ள வாழ்க்கை உங்க கையிலதான் இருக்கு. உங்க அண்ணாச்சி வாயத் தெறக்கதுக்கு முன்னாடி நீங்க சொல்லிருங்க."

சொல்லியிருப்பேன். ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூரில் மாப்பிள்ளை வீட்டில் உட்கார்ந்ததும் தட்டில் பால்கோவாவை வைத்துக் கையில் கொடுத்துவிட்டார்கள். மறுக்கக் கூடாதே என்று ஒரு பெரிய வாயாகப் போட்டுக்கொண்டேன். அது மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அதற்குள் தாய்மாமன் ஆரம்பித்துவிட்டார்.

"நாங்க கேள்விப்பட்டது நெசமா?"

"நெசந்தான்" என்றார் அண்ணாச்சி, நெஞ்சை நிமிர்த்தி. "மறைக்கதுக்கு என்ன இருக்கு?"

"வீட்ல அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம? மாடியில உள்ளதுக்கு அவதான் தெனமும் தூசி தொடைக்கா."

பையனின் அம்மா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். நான் பால்கோவாவோடு போராடிக்கொண்டே அண்ணாச்சியின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார்.

"கல்யாண வயசுல பொண்ண வச்சுக்கிட்டு…"

"அவளுக்காகத்தான ரெண்டாவதையே கொண்டாந்தேன்! அவ படிப்புக்கு மொதல்ல உள்ளது காணல."

தாய்மாமன் சோபா நுனிக்கு வந்துவிட்டார். "ஒண்ணு போதாதாய்யா உமக்கு?"

"போதும்னுதான் நானும் நெனச்சேன். பழசு இருக்கே, மெதுவா இருந்தாலும் எனக்கு மட்டுந்தான், வேற ஒருத்தன் தொட முடியாது. ஆனா மழை பெஞ்சாப் படுத்துருது. புதுசு நல்ல வேகம். சாயந்தரமானா தெருவே வந்து பங்கு போட்டுக்கிடுது. நான் என்ன செய்ய? ஒண்ணு இல்லன்னா ஒண்ணு வேணும்லா? சந்தேகம்னா நீங்களே ஒரு நாள் வந்து இருந்து பாருங்க!"

தாய்மாமன் எழுந்தே விட்டார். கை ஓங்கியிருந்ததா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம். அந்தக் கணத்தில் பால்கோவா தொண்டையில் இறங்கியது. "இன்டர்நெட்டு!" என்று நான் போட்ட சத்தத்தில் ரத வீதியில் போனவர்கள் திரும்பிப் பார்த்திருப்பார்கள். "ஐயா, அவரு சொல்றது இன்டர்நெட்டு! டெலிபோன் லைன் ஒண்ணு, கேபிள் லைன் ஒண்ணு! வேற ஒண்ணும் கெடையாது!"

முதலில் சிரித்தது பையனின் தங்கை. அடுத்து அந்த அம்மா. பிறகு தாய்மாமன், சோபாவில் விழுந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. அண்ணாச்சி மட்டும் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் காதோடு சொன்னதும் அவர் முகம் போன போக்கை நான் எழுத மாட்டேன். "ஏ மாதாவே! இந்த வயசுலயா!" என்றார்.

ஓலை வாசிக்கச் சம்மதித்துவிட்டார்கள். ஆனால் கிளம்பும்போது தாய்மாமன் அண்ணாச்சியின் கையைப் பிடித்துக்கொண்டார். "தப்பா நெனைக்காதீங்க. சோழபுரத்துல இருக்க எங்க சொந்தக்காரங்க வரைக்கும் நானே போன் போட்டுச் சொல்லித் தொலைச்சிட்டேன். பந்தியில உக்காந்து எவனாவது கேட்டா உங்க பிள்ளைக்குத்தான் சங்கடம். மூணாவது ஓலைக்குள்ள ஒண்ணை வெட்டி விட்டுருங்க. பொறவு எவன் என்ன பேசுவான்?"

அண்ணாச்சி முகம் வெளுத்தது. பஸ்ஸில் ராஜபாளையம் வரும்வரை ஒரே ஒரு சொல்தான் பேசினார். "எதை?"

தெரு இரண்டாகப் பிரிந்துவிட்டது. பெட்டிக்கடையில் வேறு பேச்சே இல்லை. கேபிள்காரர் திடீர் திடீரென்று வந்து மாடி ஒயரைத் துடைத்துவிட்டுப் போனார். லைன்மேன் கூப்பிடாமலே வந்து புது டப்பா மாட்டினார். அண்ணாச்சி பேயாகப் பரிசோதித்தார். காலை, மத்தியானம், சாயந்தரம், வெயில், தூறல். மில்லுக்கு லீவு போட்டார். நானும் ஆபீஸுக்கு அரை நாள் லீவு போட்டேன், ஒளிப்பானேன்? ஸ்டெல்லாவின் கல்யாணப் புடவையைவிட இந்தச் சங்கதிதான் எங்களுக்குப் பெரிதாக இருந்தது.

இரண்டாவது ஓலை வாசித்த அன்றைக்கே தீர்ப்பு. பூசை முடிந்ததும் தெருவே அவர் வீட்டில். மாடிப்படியில் நிற்க இடமில்லை. காலை வெயிலில் கேபிள் அருவி பிய்த்துக்கொண்டு கொட்டியது. கீழே பழைய நோஞ்சான். போட்டியே இல்லை. கேபிள்காரர் கண் கலங்கி எல்லோருக்கும் கை கொடுத்தார். லைன்மேன் தலையைக் குனிந்துகொண்டார்.

அண்ணாச்சி மாடிக்குப் போனார். கேபிள் மோடத்தின் ஒயரைக் கழற்றினார். மோடத்தைத் துண்டால் துடைத்து, கேபிள்காரர் கையில் கொடுத்தார்.

"அண்ணாச்சி, நான்தான ஜெயிச்சேன்!" என்று கேபிள்காரர் அலறினார்.

"ஜெயிச்சிட்ட. யாரு இல்லன்னா?" என்றார் அவர். எல்லோரும் ஆளுக்கு ஒன்று கத்தினோம். மில் ஃபோர்மேன் எங்காவது வேகம் குறைந்த மெஷினை வைத்துக்கொண்டு நல்ல மெஷினைக் கழற்றுவானா? கேட்டே விட்டேன்.

அவர் படியில் உட்கார்ந்தார். "மாப்பிள்ள வேலை முடிஞ்சு வீட்டுக்கு வாறது நமக்கு சாயந்தரம் தம்பி. அப்பதான் ரெண்டு பேருமா வீடியோல வருவாவளாம். அந்நேரம் இந்தத் தெரு பூராம் நெட்டுல ஏறிக் கெடக்கும். மாடியில எம்பிள்ள மொகம் பாதிப் பேச்சுல நின்னுரும். கீழ மங்கலாத்தான் தெரியும். ஆனா நிக்காது."

உள்ளே ஸ்டெல்லா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

கல்யாணம் சிறப்பாக நடந்தது. அவள் மஸ்கட் போன முதல் வாரத்தில் ஒரு சாயந்தரம், ஏதோ சாவி வாங்க அவர் வீட்டுக்குப் போனேன். கீழ் ஹாலில் அக்காவும் அவரும் திரைக்கு முன்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். திரையில் ஸ்டெல்லா. நான் வழக்கம்போல வம்பிழுத்தேன். "என்ன அண்ணாச்சி, ஸ்பீடு எம்புட்டு காட்டுது?"

"பாக்கலயே தம்பி" என்றார், திரும்பாமலே. "பிள்ள பேசிக்கிட்டிருக்கா."

நான் சாவியைக் கேட்காமலே திரும்பி வந்துவிட்டேன். வாசல் கேட்டைச் சத்தம் வராமல் சாத்தினேன். அந்த மனுஷனை அன்றைக்கு எனக்கு எவ்வளவு பிடித்தது என்று அவரிடம் நான் சொன்னதே இல்லை.