நடந்து வரும் கரண்ட்

திங்கட்கிழமை கம்பத்தில் ஒயரைக் கட்டிவிட்டு லைன்மேன் வேம்புலி அவசரமாகப் போய்விட்டார். குணசேகரன் ஸ்விட்சைப் போட்டார். அண்ணனூரில் கட்டிய புது வீட்டில் டியூப்லைட் எரியவில்லை.

"வேம்புலிய இட்னு வரட்டா?" என்றாள் மனைவி பார்வதம். "ஞாயித்துக்கெழம மாப்ள ஊட்டுக்காரங்க வராங்க. பொண்ண இருட்டுலயா காட்டுவ?"

"இரு." மகள் வசந்தகுமாரியின் ப்ளஸ் டூ இயற்பியல் புத்தகத்தைப் புரட்டினார். ஆவடியில் இருபது வருஷம் லேத் ஓட்டியவர். கணக்கு என்றால் பயமில்லை. "ஒயர்ல எலக்ட்ரான் எறும்பவிட மெதுவாத்தான் நகருதாம். ஒரு மில்லிமீட்டருக்குப் பத்து செகண்டு. கம்பம் அறுபது மீட்டர் தள்ளி கீது. வந்து சேர ஏழு நாளாவும்."

"அப்ப திங்கக்கெழமதான் வரும். அவங்க ஞாயித்துக்கெழமயே வராங்களே."

புத்தகத்தில் அதற்கும் வழி இருந்தது. ஒயர் மெலிந்தால் எலக்ட்ரான் வேகமாகப் போகும். புதன்கிழமை கட்டிங் பிளேயரோடு ஏணியில் ஏறினார்.

"கரண்ட் ஒயருய்யா அது" என்று கீழிருந்து கத்தினாள் பார்வதம்.

"எலக்ட்ரான் இன்னும் கம்பத்துகிட்டதான் கீது. இந்தப் பக்கம் அறுத்தா ஒண்ணும் ஆவாது."

அறுத்தார். ஒன்றும் ஆகவில்லை. தெருவையே ஒரு பார்வை பார்த்தார்.

அறுத்ததற்குப் பதிலாக அவர் கட்டிய மெல்லிய ஒயர் தொய்ந்தது. வெள்ளிக்கிழமை ஒரு வைக்கோல் லாரி அதை இழுத்து அறுத்துவிட்டது.

"வந்ததுல பாதி ரோட்டுல கொட்டிடுச்சு" என்றபடி முறுக்கிக் கட்டினார். குளிர்ந்தால் இன்னும் வேகமாக வருமென்று ஈரச் சாக்கைச் சுற்றினார். கனத்தில் ஒயர் கைக்கெட்டும் உயரத்துக்கு இறங்கியது. எதிர்வீட்டு முனியம்மா அதில் பாவாடை காயப்போட்டாள். குணசேகரன் தடுக்கவில்லை, அதுவும் ஈரம்தானே.

ஞாயிற்றுக்கிழமை மாலை மாப்பிள்ளை வீட்டார் அரையிருட்டில் உட்கார்ந்திருந்தார்கள். பால் வாங்கப் போன பார்வதம் திரும்பவில்லை. வசந்தகுமாரி வந்து நின்றது வளையல் சத்தத்தில்தான் தெரிந்தது. மாப்பிள்ளையின் அப்பா எழுந்துவிட்டார்.

குணசேகரன் கடிகாரத்தைப் பார்த்தார். "கணக்குப்படி இப்ப செவுத்துகிட்ட வந்திருக்கும். ரெண்டு நிமிசம் உக்காருங்க."

டியூப்லைட் துடித்து எரிந்தது. வசந்தகுமாரியின் முகம் பளிச்சென்று தெரிந்தது.

"சொன்ன நேரம் தப்பலயே" என்று மாப்பிள்ளையின் அப்பா கைகூப்பினார். "இப்பேர்ப்பட்ட மூளக்காரர் ஊட்ல சம்பந்தம் வெச்சிக்க குடுத்து வெச்சிருக்கணும்."

வாசலில் பார்வதம் நின்றாள். கூடவே, தோளில் கயிறோடு வேம்புலி.

"இப்பத்தான் வேற ஒயர் போட்டு கனெக்‌ஷன் குடுத்தேன் அண்ணாத்தே" என்றார் அவர். "அன்னிக்குக் கம்பத்துல சும்மா கட்டிட்டுதான் போனேன். அதாலதான் அறுத்தும் நீ உசுரோட கீற."