வடிகட்டப் போன முகூர்த்தப் பட்டு

உதவாதவனால் வரும் தொல்லை கொஞ்சம்தான். கேட்டதற்கு மேல் உதவுகிறவனால் வருவதுதான் அதிகம். உங்கள் அப்பா நான் இரண்டாவது ரகம், பிள்ளைகளா.

ஒரு காலத்தில் காஞ்சிபுரத்துக்கு வெளியே ஒரு கல்லூரியில் ஆய்வுக்கூட உதவியாளராக இருந்தேன். (அதாவது, குடுவை கழுவுகிறவன்.) மாலதி என்ற ஆராய்ச்சி மாணவி அங்கே கச்சா எண்ணெயிலிருந்து அமிலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அந்த அமிலம் எண்ணெய் போகும் இரும்புக் குழாயையே அரித்துவிடுமாம். அதை இழுத்துக்கொள்ள அவளிடம் அயனித் திரவம் என்று ஒன்று இருந்தது. பார்த்தால் விளக்கெண்ணெய், உண்மையில் தண்ணீர் சேராமலே திரவமாக நிற்கும் உப்பு. எண்ணெயோடு கலக்கினால் அமிலம் இதற்குள் வந்துவிடும். பிறகு அமிலத்தை நீக்கிவிட்டு இதையே மறுபடியும் பயன்படுத்தலாம். மறுநாள் தேர்வாளர்களுக்கு அவள் காட்ட வேண்டியது அதைத்தான். இருந்ததோ ஒரே குடுவை.

அதில் ஏதோ துகள் மிதந்தது. வடிதாள் தீர்ந்துபோயிருந்தது. சுத்தமான துணி ஏதாவது போட்டு வடிகட்டி வைக்கச் சொல்லிவிட்டு மாலதி சாப்பிடப் போனாள்.

நெசவுக் குடும்பத்தில் பிறந்தவனுக்குப் பட்டைவிடச் சுத்தமான துணி ஏது? பட்டுக்குத் தீட்டே கிடையாதே! சைக்கிளை மிதித்து வீட்டுக்குப் போய், உங்கம்மாவின் முகூர்த்தப் புடவையோடு வந்த, தைக்காமலே கிடந்த அரக்கு ரவிக்கைத் துணியை எடுத்துவந்தேன். (அவள் கோயிலுக்குப் போயிருந்தாள். இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.) புனலில் அதை விரித்து, திரவத்தை ஊற்றினேன். சூடு பட்டால்தான் இளகி இறங்கும் என்று எல்லாவற்றையும் ஓவனுக்குள் வைத்து மூடிவிட்டு டீ குடிக்கப் போனேன். டீக்கடையில் பேச்சு நீண்டுவிட்டது.

திரும்பி வந்து திறந்தால் பட்டைக் காணோம். ஜரிகைக் கரை மட்டும் மீன்முள் மாதிரி புனலில் கிடந்தது. குடுவையில் அரக்கு நிறத்தில் கூழ்.

மாலதி வந்து பார்த்தாள்.

"இன்னா துணிண்ணா போட்டீங்க?"

"பட்டுமா. முகூர்த்தப் பட்டு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் நிறைந்துவிட்டது. அந்தத் திரவம் சூட்டில் பட்டையே கரைத்துவிடுமாம், ஜரிகையைத்தான் தொடாதாம்.

மறுநாள் தேர்வாளர்களிடம் அவள் என் பெயரையே எடுக்கவில்லை. எந்தத் துணி என்று தான் சொல்லாமல் போனதுதான் தப்பு என்றாளாம். புதுத் திரவம் வெளிநாட்டிலிருந்து வந்து, திரும்பவும் செய்துகாட்டி, பட்டம் வாங்க ஒரு வருஷம் பிந்திப்போனது. ஒருநாளும் என்னைக் குறை சொன்னதில்லை. திட்டியிருந்தால் அவள் முகத்தைப் பார்த்துப் பேசியிருப்பேன்.

உங்கம்மாவுக்கு அவ்வளவு பெரிய மனசு இல்லை. ஜரிகையைக் கையில் வாங்கிப் பார்த்து, "மீதி எங்க?" என்றாள். கரைந்துவிட்டது என்று சொன்னேன். பட்டு எங்காவது கரையுமா என்று தெருவே கேட்டது.

இன்றைக்கும் பட்டுக் கடையில் நான் ஒரு புடவையைத் தொட்டால் போதும், கடைக்காரரிடம் சொல்லிவிடுவாள்: "அவரு கையில குடுக்காதபா. ஜரிகைதான் திரும்பி வரும்."