இடது குழல் மங்கல்

அன்பு மைத்துனனுக்கு,

அத்தான் எழுதுவது. நானும் உன் அக்காவும் சுகம். அங்கே உனக்கு வேளாவேளைக்குச் சாப்பாடும் படுத்தவுடன் தூக்கமும் அமைந்திருந்தால் எங்களுக்கு அதுவே போதும்.

உன் கடிதம் கிடைத்தது. மகளும் கல்யாணமாகிப் போன பிறகு வீட்டில் தனி ஆளாகப் பொழுது நகரவில்லை, பாசியும் பூச்சியும் பார்க்க, இரண்டு குழலில் இரண்டு கண்ணையும் வைக்கிற ஒரு ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப் வாங்கலாமென்று இருக்கிறேன், விதைப் பரிசோதனைக் கூடத்தில் முப்பத்தோரு வருஷம் அதில் கண் வைத்திருந்தவர் நீங்கள், எதை வாங்கலாம் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறாய். ஒன்பது கேள்வி, நம்பர் போட்டு. சரியான ஆளிடம்தான் கேட்டாய். இந்த விஷயத்தில் செய்யக்கூடிய தப்பு அத்தனையையும் இந்த ஒரு வருஷத்தில் நான் ஒருத்தனே செய்து முடித்துவிட்டேன்.

ஓய்வு பெற்ற அன்று ஆபீஸில் ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். இனிமேல் நேரம் பார்த்து எனக்கு என்ன ஆகவேண்டும்? நான் ஆசைப்பட்டது வடக்கு ஜன்னலோரம் இருந்த பழைய மைக்ரோஸ்கோப்புக்கு. பச்சைப் பெயின்ட், கை படும் இடத்தில் மட்டும் உரிந்து பித்தளை மினுங்கும். கேட்க வாய் வரவில்லை. மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த சகாவுக்குச் சல்லடை என்று பெயர் வைத்திருந்தோம். அவர் கண்ணுக்குத் தப்பி ஒரு களைவிதை போனதாகச் சரித்திரமில்லை. காலையில் ஆளுக்கொரு தட்டு விதையைக் கொட்டிக்கொண்டு, இடுக்கியால் நல்லதை ஒருபக்கம், களையை ஒருபக்கம், கல்லையும் உமியையும் ஒருபக்கம் ஒதுக்குவோம். மணிக்கணக்கில் பேச்சிருக்காது. திடீரென்று அவர், "சார், கொஞ்சம் வந்து பாத்துட்டுப் போங்க. ஃபோகஸ்ல மட்டும் கை வைக்காதீங்க" என்பார். போய்க் குனிந்தால் ஒரு கேரட் விதை, உடம்பெல்லாம் முள்ளாக, வம்புக்கு நிற்கிற கம்பளிப்பூச்சி மாதிரி கிடக்கும். "ம்" என்பேன். அவ்வளவுதான். திரும்பி வந்து உட்கார்ந்தால் அன்றைக்கு முழுக்க மனசு நிறைந்திருக்கும். வீட்டில் வந்து சொன்னால் உன் அக்கா, "விதைதானே?" என்பாள். மறுக்க முடியாது. விதைதான்.

சில மாதம் சும்மா இருந்து பார்த்தேன், முடியவில்லை. கம்ப்யூட்டரில் தேடியபோது இரண்டாயிரம் மடங்கு பெரிதாகக் காட்டும் என்று ஒன்று வந்தது. ஆபீஸில் இருந்ததோ வெறும் நாற்பத்தைந்து மடங்கு. ஆசை யாரை விட்டது, வரவழைத்துவிட்டேன். இத்தனை வருஷம் வேலை பார்த்தவன் படத்தைப் பார்த்ததுமே சுதாரித்திருக்க வேண்டும். அது கண்ணாடிச் சில்லில் ரத்தத்துளி தடவிப் பார்க்கிற ஜாதி. செத்த வண்டு ஒன்றை வைத்தேன். ஒரே இருட்டு. விளக்கைக் கூட்டினேன், இருட்டைச் சுற்றி வெளிச்சம் வந்தது. லென்ஸை இன்னும் கொஞ்சம் இறக்கினேன், நறுக்கென்று ஒரு சத்தம், வண்டு பொடியாகிவிட்டது. போதாக்குறைக்கு எல்லாம் தலைகீழ். வலப்பக்கம் தள்ளினால் இடப்பக்கம் ஓடுகிறது. அதைத் திருப்பி அனுப்பிவிட்டு, திரை வைத்த ஒன்றை வாங்கினேன். கண்ணே வைக்க வேண்டாம், டிவி மாதிரி பார்க்கலாம் என்றார்கள். டிவி மாதிரிதான் இருந்தது, எல்லாம் தட்டை. விதை எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்று தெரியாமல் இடுக்கியால் காற்றைக் கிள்ளிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்ற உன் அக்கா, "கொசு பிடிக்கிறீங்களா?" என்றாள்.

கடைசியில் அவளே, "கடைக்குப் போய்க் கண்ணால பாத்து வாங்குங்க, நானும் வர்றேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டாள். பரிசோதனைக்கூடச் சாமான் விற்கிற கடை, இரண்டாம் மாடி. கடைக்காரர் தங்கமான மனிதர். ஒரு நல்ல மைக்ரோஸ்கோப்பை எடுத்து வைத்தார். பையிலிருந்த விதைப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக் குனிந்தேன். இடது குழல் மங்கல். சொன்னேன். துணியால் துடைத்தார். அப்படியும் மங்கல். வேறொன்று எடுத்தார், அதிலும் இடது குழல் மங்கல். மூன்றாவது, நான்காவது, எல்லாவற்றிலும் அதே கோளாறு. அவர் குனிந்து பார்த்து, "எனக்கு நல்லாத்தானே சார் தெரியுது" என்றார். உங்களுக்குப் பழக்கம் போதாது என்று அவரிடம் சொல்லி, அந்தக் காலத்து லென்ஸ் எப்படி இருக்கும் தெரியுமா என்று ஆரம்பித்து ஒரு கால்மணி நேரம் பேசினேன். ஏழாவதையும் நான் தள்ளி வைத்தபோது உன் அக்கா பக்கத்தில் வந்து, "கொஞ்சம் நிமிருங்க" என்று என் வலது கண்ணை உள்ளங்கையால் பொத்தினாள்.

"அந்தச் சுவத்துல என்ன எழுதியிருக்கு?"

"எந்தச் சுவத்துல?" என்றேன்.

கடைக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

கண்புரை. முற்றி நாளாகிவிட்டது, எப்படிக் கவனிக்காமல் இருந்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். வலது கண் இரண்டு பேர் வேலையையும் பார்த்துவந்திருக்கிறது, பாவம், ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆபரேஷன் சுலபம்தான், ஆனால் ஒரு கண் ரொம்ப நாள் சும்மா இருந்துவிட்டால் சிலருக்கு இரண்டும் சேர்ந்து பார்ப்பது பழையபடி அமையாது என்றும் சொல்லிவைத்தார். உன்னிடம் சொல்வதற்கென்ன, அந்த வாரம் முழுக்க ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் பொத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். மைக்ரோஸ்கோப் போனால் போகட்டும். ஆனால் நான் உருப்படியாகப் பார்த்த உலகமெல்லாம் அந்த இரண்டு குழலுக்குள்தான் இருந்தது. அது இனித் தட்டையாகிவிடுமோ என்று ஒரு பயம்.

ஆறு வாரம் கழித்து, சொட்டு மருந்தெல்லாம் முடிந்து, அதே மாடிப்படி ஏறினோம். கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு ஒன்றே ஒன்றை எடுத்து வைத்தார். பருப்புக்கீரை விதை ஒரு சிட்டிகை தூவினேன். முதலில் இரண்டு வட்டமாகத் தெரிந்தது. குழல்களை மெல்ல நெருக்கினேன். வட்டம் இரண்டும் ஒன்றாகி, விதை அப்படியே எழும்பி மேலே வந்தது. கன்னங்கரேலென்று நத்தை மாதிரி சுருண்டு, வரிசை வரிசையாகப் புள்ளி. நான் தலையை எடுக்கவில்லை. எதிர்ப்பக்கத்திலிருந்து யாராவது கூப்பிட மாட்டார்களா என்று ஒரு நிமிஷம் இருந்தது.

பிறகு உன் அக்காவை உட்காரவைத்தேன். அவள் கண்ணுக்குத் தகுந்த மாதிரி குழலைச் சரிசெய்தேன். குனிந்தவள் விதையை விரல் நுனியால் அப்படியும் இப்படியும் நகர்த்திப் பார்த்தாள்.

"இதையா முப்பது வருஷமாத் தனியாப் பாத்துக்கிட்டு இருந்தீங்க?" என்றாள், தலையை எடுக்காமலே.

"தினமும் வந்து சொன்னேனே."

"சொன்னீங்க. விதைன்னு சொன்னீங்க."

அதையே வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம். ஆகவே உன் ஒன்பது கேள்விக்கும் சேர்த்துச் சொல்கிறேன். ஏழு மடங்கிலிருந்து நாற்பத்தைந்து மடங்கு வரை திருகிக் கூட்டிக் குறைக்கிற மாதிரி வாங்கு; அதற்கு மேல் எவனாவது சொன்னால் காதைப் பொத்திக்கொள். லென்ஸுக்கும் பொருளுக்கும் நடுவே அரைச் சாண் இடைவெளி வேண்டும், இடுக்கியோடு கை நுழைய வேண்டுமே. அடிப்பாகம் கனமாக இருக்கட்டும், தும்மினால் ஆடக்கூடாது. வெளிச்சம் மேலிருந்தும் கீழிருந்தும் வரவேண்டும். கேமரா மாட்டுகிற மூன்றாவது குழல் உனக்கு வேண்டாம், பார்ப்பதை விட்டுவிட்டுப் படம் பிடித்துக்கொண்டே இருப்பாய். எல்லாவற்றுக்கும் முதலில் கண் டாக்டரிடம் போய்விட்டு, அப்புறம் கடைக்குப் போ. கடைக்காரரும் மனிதர்தானே.

உன் மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் ஆசி. உனக்கு நீண்ட ஆயுளும் கலங்காத பார்வையும் அமையட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் உன் அக்கா இதை வாங்கிப் படித்துவிட்டாள். உன் கடிதத்தையும் எடுத்து இன்னொரு முறை படித்தாள். "ஒம்போது கேள்வி கேட்டிருக்கான். அவன் மைக்ரோஸ்கோப் வேணும்னா கேக்குறான்? பேச ஆள் வேணும்னு கேக்குறான். இது கூடப் புரியாம அரைச் சாண், முழுச் சாண்னு எழுதி வச்சிருக்கீங்க" என்கிறாள். ஆகவே மேலே எழுதிய எதையும் நீ கணக்கில் எடுக்க வேண்டாம். எதையும் வாங்காதே. மூட்டையைக் கட்டிக்கொண்டு இங்கே வந்துவிடு. முன்னறையைக் காலி செய்ய ஆரம்பித்துவிட்டாள், எனக்கு வேலை தலைக்கு மேல் இருக்கிறது. வரும்போது தின்பண்டம் எதுவும் வேண்டாமாம். உன் வீட்டு ஜன்னல் விளிம்பில் செத்துக் கிடக்கும் பூச்சிகளை மட்டும் பெருக்கித் தள்ளிவிடாமல், கால் ஒடியாமல், பஞ்சில் வைத்து எடுத்து வரச் சொல்கிறாள்.