எங்கிட்ட ஓடுதுலே

தன் தவறை ஒப்புக்கொள்ளாதவர்களுக்கு உலகப் போட்டி வைத்தால் கோப்பை அருப்புக்கோட்டைக்குத்தான். வாங்கி வருபவன் எங்கள் அலுவலகத்து 'எங்கிட்டஓடுது'. வீட்டில் வைத்த பெயர் எங்களுக்கு மறந்தே போய்விட்டது.

நாங்கள் இருவரும் ஒரு தண்ணீர் லாரி முதலாளியிடம் வேலை பார்க்கிறோம். நாளை யார் வீட்டுக்கு லாரி என்று கணினியே பட்டியல் போட்டு, டிரைவருக்கு அனுப்பிவிடும். அதற்கான கட்டளைகளை அவன் எழுதுவான், துபாயிலிருந்து மச்சான் கொண்டுவந்த மேக் லேப்டாப்பில். அலுவலகக் கணினியில் இருப்பதோ லினக்ஸ். ஒரே கட்டளையை இரண்டும் இரண்டு விதமாக எடுத்துக்கொள்ளும். நடுவில் கிடந்து அல்லாடுபவன் நான்.

ஒருமுறை எல்லாக் கோப்புகளிலும் ஒரு தெருப்பெயரை மாற்ற sed -i என்று ஒரு வரி எழுதித் தந்தான். அவனிடம் தெரு மாறியது. எங்கள் கணினியோ மாற்றச் சொன்ன வரியையே கோப்பின் பெயராக நினைத்து, அப்படி ஒரு கோப்பே இல்லை என்று கைவிரித்தது. கூப்பிட்டுக் காட்டினேன். லேப்டாப்பை என் பக்கம் திருப்பி வைத்தான்.

"எங்கிட்ட ஓடுதுலே."

கட்டளையைத் திருத்தச் சொன்னால் கணினியை மாற்றச் சொல்வான். எனக்குச் சண்டை போடவும் தெம்பில்லை.

போன மாதம் பந்தல்குடியில் ஒரு பாய் வீட்டில் மகளுக்கு நிக்காஹ். அடுப்பு மூட்டியாகிவிட்டது, பிரியாணிக்குத் தண்ணீர் இல்லை, லாரி வரவில்லை என்று காலையிலேயே போன். பார்த்தால், முந்தின நாள்தான் அவன் நாளைய தேதி எடுக்க date -v என்று புதிதாக எழுதியிருக்கிறான். லினக்ஸுக்கு அந்த -v தெரியாது. தேதி வெறுமையாகி, டிரைவருக்குப் பட்டியலே போகவில்லை. அவன் தன் லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்தான். தேதி அழகாக வந்தது. லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு வெளியே போனான். டீ குடிக்கப் போகிறான் என்று எரிச்சலோடு நானே அந்த வரியைத் திருத்தினேன்.

பாயைச் சமாதானப்படுத்த பைக்கில் போனால், லாரி எனக்கு முன்பே வந்து நிற்கிறது. சட்டையெல்லாம் நனைந்து, அண்டாவுக்குள் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தான் அவன். என்னைக் கவனிக்கவில்லை.

"தப்பு நான் எழுதுனதுலதான் பாய். லாரிக்காரவுகளை ஒண்ணும் சொல்லாதீக."

நான் பைக்கைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் அலுவலகத்தில் லேப்டாப்பைத் திறந்தான். "நேத்தும் எங்கிட்ட ஓடத்தான்லே செஞ்சுச்சு."

"ஓடும்லே" என்றேன்.

இப்போதெல்லாம் அவன் எழுதுவதை நானே முதலில் எங்கள் கணினியில் ஓட்டிப் பார்த்து, சத்தமில்லாமல் திருத்திவிடுகிறேன். இங்கேயும் ஓடிவிட்டது என்று அவன் சிரிக்கும்போது, எவ்வளவு அலுப்பிருந்தாலும் எனக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.