ஒற்றர் போட்ட ஒற்று

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணி வரை மனைவியைப் பேச விடுவதில்லை என்று ஒற்றர் சபதம் எடுத்தார். இப்படிச் சபதம் எடுத்த கணவர்கள் ஏராளம். நிறைவேற்றியவர் யாரும் இருந்ததாகத் தகவல் இல்லை.

ஒற்றர் என்றால் வேவு பார்ப்பவர் அல்லர். அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். க், ச், த், ப் எது விட்டுப்போனாலும் மோப்பம் பிடித்துச் சிவப்புப் பேனாவால் செருகி, ஓரத்தில் ஒப்பம் வைப்பார். ஒப்பம் விழுந்தால் அந்தப் பக்கம் அச்சுக்குப் போகலாம் என்று பொருள். வீட்டிலும் அதே சட்டம்தான். "வாய்ப்பேச்சு செல்லாது. எழுத்துல குடு. என் ஒப்பம் விழுந்தாத்தான் இந்த வீட்டுல எதுவும் நடக்கும்" என்று கல்யாணமான மறுவாரமே அறிவித்தவர்.

அம்மையார் பள்ளியில் தமிழாசிரியை. "சரிங்க" என்றார் அன்று. அந்தச் 'சரிங்க'வுக்கு அகராதியில் உள்ள பொருள் வேறு. வீட்டில் உள்ள பொருள் வேறு.

இப்போது சிக்கல் மைத்துனன் வடிவில் வந்தது. புது வேலைக்காக ஊர் மாறி வருகிறான். மூன்று மாதம் தங்க வேண்டும். ஒரு விடுதியில் இடம் இருக்கிறது. ஞாயிறு ஆறு மணிக்குள் பெயர் கொடுக்க வேண்டும். அதற்குள் சம்மதம் கிடைத்துவிட்டால் விடுதி வேண்டாம், அக்காள் வீட்டுச் சின்ன அறை.

சின்ன அறை என்பது ஒற்றரின் சாய்வு நாற்காலியும் ஏழு அகராதிகளும் பகல் தூக்கமும் குடியிருக்கும் இடம். மைத்துனனோ ட்ரம்பெட் பழகுகிறவன். மூன்று வருடமாக ஒரே பாட்டைப் பழகுகிறான். பாட்டுதான் இன்னும் அவனிடம் பழகவில்லை.

முடியாது என்று சொல்லலாம்தான். சொன்னால் வாதம் வரும். வாதத்தில் ஒற்றர் இதுவரை ஜெயித்ததில்லை. பேச்சே எழாமல் ஆறு மணியைத் தாண்டிவிட்டால்? பேசக்கூடாத இடம் ஒன்று நகரத்துக்கு நடுவிலேயே இருப்பது நினைவுக்கு வந்தது. சதுப்புநிலப் பூங்கா! அங்கே பறவை பார்க்கும் குடிலில் மூச்சு விடலாம். வாய் திறக்க முடியாது.

"என்னங்க, என்னைக்கும் இல்லாத திருநாளா என்னைப் பார்க்குக்குக் கூட்டிட்டுப் போறீங்க?"

"பறவை பாக்கத்தான்."

"மொட்டை மாடியில காக்கா உக்காந்தாலே விரட்டுவீங்களே?"

"அது வெறும் காக்கா. இது நீர்க்காகம்."

"சரி, தம்பி விஷயமா..."

"வேகமா நட. பறவை கிளம்பிடும்."

பூங்கா வாசலில் ஒரு பலகை. 'அமைதிக் காக்கவும்.' ஒற்றருக்குக் கால் நகரவில்லை. 'அமைதி காக்கவும்' என்றல்லவா இருக்க வேண்டும்? சுற்றுமுற்றும் பார்த்தார். சிவப்புப் பேனாவை எடுத்தார். அதிகப்படியான 'க்' மேல் ஒரு கோடு. ஓரத்தில் ஒப்பம்.

"ஐயையோ, பலகையில கிறுக்கறீங்களே!"

"கிறுக்கல, திருத்தறேன். தப்பைக் கண்டா என் கை நிக்காது."

"நிக்கவே நிக்காதா?"

"தலையே போனாலும் நிக்காது."

அதன்பிறகு அம்மையார் தம்பி பேச்சை எடுக்கவில்லை. ஒற்றருக்கு உற்சாகம் பிடிபடவில்லை.

நாணலுக்கு நடுவே மரப்பலகைப் பாதை வளைந்து போயிற்று. பூங்காவுக்கு வெளியே நின்ற கண்ணாடிக் கட்டடங்கள் தண்ணீரில் தலைகீழாக நின்றன. பதினாலாம் மாடியில் ஓர் ஆமை நீந்திக்கொண்டிருந்தது.

"அந்தக் குண்டுப் பறவை பொசுக்குனு உள்ள போயிடுச்சே, அது என்னங்க?"

"முக்குளிப்பான்."

"பேருக்கேத்த மாதிரி மூணு தரம் குளிச்சிடுச்சு. நீங்க இன்னிக்கு ஒரு தரம்கூடக் குளிக்கல."

குடிலை அடையும்போது மணி ஐந்து. மீசைக்காரக் காவலர் உதட்டில் விரல் வைத்து வரவேற்றார். மரச்சுவரின் இடுக்கு வழியாகப் பார்த்தால் ஒரு சாம்பல் நாரை ஒற்றைக்காலில் நின்றது. ஒற்றர் பெஞ்சில் சாய்ந்தார். ஐந்து இருபது. என்ன அமைதி! திருத்தம் தேவைப்படாத அமைதி.

அம்மையார் சின்ன நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். பறவைப் பட்டியலாக இருக்கும் என்று ஒற்றர் மகிழ்ந்தார். தாள் அவர் மடிக்கு வந்தது.

'என் தம்பியை சின்ன அறையில் மூன்று மாதம் தங்க வைக்க சம்மதம்.'

ஒற்றருக்கு ரத்தம் கொதித்தது. தம்பிக்காக அல்ல. இரண்டு 'ச்' இல்லை! ஒரு தமிழாசிரியை எழுதுகிற தமிழா இது? முதலில் பிழை, பிறகு மறுப்பு என்று முறை வகுத்துக்கொண்டார். 'தம்பியை'க்குப் பின்னால் ஒரு 'ச்' செருகினார். 'வைக்க'வுக்குப் பின்னால் இன்னொன்று. பழக்க தோஷம், ஓரத்தில் ஒப்பமும் விழுந்தது. கீழே 'முடியாது' என்று எழுதப் பேனாவை இறக்குவதற்குள் மடியில் தாள் இல்லை. அம்மையார் அதைச் செல்போனில் படம் எடுத்து அனுப்பியும் முடித்திருந்தார்.

"அடியே!"

நாரை பறந்தது. அதைப் பார்த்து நீர்க்காகம் பறந்தது. முக்குளிப்பான் நான்காம் முறை குளித்தது. காவலர் வந்து கதவைத் திறந்து பிடித்தார். வெளியேறச் சொல்ல அவருக்கும் வாய் தேவைப்படவில்லை.

"இது செல்லாது!" என்று மரப்பாதையில் குதித்தார் ஒற்றர்.

"எழுத்துல இருக்கு. உங்க ஒப்பமும் இருக்கு. அச்சுக்குப் போயாச்சுங்க."

"நான் பிழையைத்தானேடி திருத்தினேன்!"

"அதையேதான் தம்பிகிட்டச் சொன்னேன். மாமா ஒரு பிழையும் இல்லாம சம்மதிச்சிட்டார்னு."

செல்போன் கிணுகிணுத்தது. நாளைக் காலையே வருகிறானாம். ட்ரம்பெட்டோடு.

ஒற்றர் வாசலுக்கு வந்தார். பலகையைப் பார்த்ததும் ஒரு சந்தேகம் வந்தது.

"ஏம்மா, ஒற்றுப் பிழைக்கு அரை மார்க் குறைக்கிறவ நீ. ஒரே வரியில ரெண்டு 'ச்'சை எப்படி விட்டே?"

"கொக்கைப் பிடிக்கணும்னா அது தலையில வெண்ணெய் வைக்கணும்" என்றார் அம்மையார். "ஒற்றரைப் பிடிக்க ஒற்றை எடுத்தாப் போதுங்க."