எனக்குத் தெரியாமல் எடுக்கப்பட்டது

“படம் நல்லாத்தான் இருக்கு சார். கையெழுத்து மட்டும் கேக்காதீங்க.”

முடிதிருத்துநர் இதைச் சொல்லிவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தார். நாற்காலியில் யாரும் இல்லை. ஆகவே காற்றை நான்கு முறை கத்தரித்துவிட்டுக் கோலை மீண்டும் தட்டில் வைத்தார்.

பதிவெழுத்தரின் ஒரு கையில் படமும் மறு கையில் படிவமும் இருந்தன. படத்தில் இதே நாற்காலியில், இதே முடிதிருத்துநர், தலை பின்னே சாய, வாய் பாதி திறக்க, உலகை மறந்து உறங்கிக்கொண்டிருந்தார். மடியில் விரித்த நாளிதழ். காலடியில் ஒரு நாய்; அதுவும் அதே சாய்வில் உறங்கிற்று. சன்னல் வழியே வந்த இளவெயில் இருவர்மீதும் வேறுபாடு பாராமல் விழுந்திருந்தது. நகரக் கலைக்கூடம் ஆண்டுதோறும் நடத்தும் தெருப்படக் கண்காட்சிக்கு இந்தப் படம் தேர்வாகியிருந்தது.

படிவத்தில் இருந்தவை மூன்றே வரிகள். ‘இப்படம் எனக்குத் தெரியாமல், என் இயல்பான நிலையில் எடுக்கப்பட்டது. இதைக் காட்சிப்படுத்த இசைகிறேன். மேற்கூறியவை உண்மை என உறுதியளிக்கிறேன்.’ அவற்றின் கீழே கையெழுத்துக்காக ஒரு கோடு.

“வாய் திறந்திருக்கேன்னு வருத்தமா?”

“சேச்சே! வாய் ரொம்ப நல்லா அமைஞ்சிருக்கு.”

“அப்புறம் என்னங்க? ஒரே ஒரு கையெழுத்து.”

“அந்த நாயோட கால்ரேகை வேணும்னா வாங்கித் தர்றேன் சார். என்னை விட்டுடுங்க.”

பதிவெழுத்தர் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் இருபது ஆண்டுகளாகப் பணிபுரிகிறவர். மனிதர் பிறந்ததையும் இறந்ததையும் பதிவது அவருடைய வாரநாள் வேலை. இவ்விரண்டுக்கும் இடையில் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைப் பதிவது ஞாயிற்றுக்கிழமை வேலை. அதற்கென ஒரு கறுப்புக் கேமராவும், சுவரோடு சுவராகத் தம்மை மறைத்துவிடும் என்று அவர் நம்பிய சாம்பல்நிறச் சட்டை ஒன்றும் வைத்திருந்தார்.

அவருடைய நெறி ஒன்றே. யாரையும் நில் என்றோ சிரி என்றோ சொல்லலாகாது. காத்திருக்க வேண்டும்; வாழ்க்கை தானே வந்து காட்சி தர வேண்டும். முதலாண்டு முழுவதும் அது தரவில்லை. காலை ஒன்பதுக்கு வந்து இத்தெருமுனையில் நின்றால் பகல் ஒன்றுவரை நிற்பார். அவரைக் கண்டவர்கள் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எதிர்ப்பக்கம் போனார்கள். ஆனால் இரண்டாம் ஆண்டு முதல் தெரு மனம் திறந்தது. அவர் வந்து நின்ற பத்து நிமிடத்துக்குள் ஏதேனும் ஓர் அற்புதம் நிகழும். சலவைக்கடை அம்மா நீராவிக்கு நடுவே தலை சாய்த்துச் சிரிப்பார். சாவிக்காரர் ஒரு சாவியை வானத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். ஒரு படம், பத்து மணிக்கு வீடு. இதைத் தம் தவத்தின் பயன் என்றே பதிவெழுத்தர் கருதினார்.

கலைக்கூடம் அப்படிக் கருதவில்லை. பதினோரு ஆண்டுகள் தொடர்ந்து அவர் படங்களைத் திருப்பியனுப்பிற்று.

“போதும்,” என்று மனைவி சொல்லியிருந்தார். “பன்னண்டாவது தடவையும் உங்க படம் சுவத்துல ஏறலைன்னா, கேமரா என் தம்பிக்கு. அவனாவது அதை வெச்சுப் பொழைப்பான்.”

தம்பி கடவுச்சீட்டுப் படம் எடுக்கும் கடை வைத்திருந்தார். கழுத்தை நிமிர்த்தி, சிரிப்பைத் துடைத்து, காது இரண்டும் தெரியச் செய்து எடுப்பது அவர் தொழில். மைத்துனர் உயிரோடு இருக்கிறவர்களுக்கு இறப்புச் சான்றிதழ் தருகிறார் என்பது பதிவெழுத்தரின் கருத்து. தம் கேமரா அங்கே போய்ச் சேர்வதை அவரால் நினைத்துப்பார்க்கவும் முடியவில்லை.

படிவம் வந்து சேர வேண்டிய கடைசி நேரம், வரும் ஞாயிறு மாலை ஐந்து மணி.

முடிதிருத்துநரின் மனம் எதனாலோ புண்பட்டிருக்கிறது என்று முடிவு செய்த பதிவெழுத்தர், புதன்கிழமை மாலை அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டமிட்டுக் கொண்டுவந்தார். முடிதிருத்துநர் கண்கலங்கிப் போனார். கண்ணாடிக்கு எதிர்ச்சுவரில் அதை மாட்டினார். நாற்காலியில் அமர்கிறவர் தம் முகத்துக்கு மேலே, பின்புறம், உறங்கும் முடிதிருத்துநரைக் காணும்படி அது அமைந்தது.

வியாழன் காலை ஒரு வாடிக்கையாளர் முகமெங்கும் நுரையோடு சாய்ந்திருந்தார். கண்ணாடியில் படத்தைப் பார்த்தார். தம் தொண்டையருகே வந்த கத்தியைப் பார்த்தார். மீண்டும் படத்தைப் பார்த்தார்.

“அண்ணே, வேலை நேரத்துல தூங்குவீங்களோ?”

“அது சும்மா ஒரு படம்ங்க.”

“இல்லண்ணே, ஒரு அவசர வேலை ஞாபகம் வந்துடுச்சு.” அவர் பாதி நுரையோடு, கழுத்தில் கட்டிய துணியோடு, தெருவில் இறங்கி நடந்தார். அன்று மாலைக்குள் மேலும் இருவருக்கு அவசர வேலை ஞாபகம் வந்தது.

“கழட்டி வெச்சுடுங்களேன்,” என்று பதிவெழுத்தர் கெஞ்சினார்.

“ஆசையாக் கொடுத்ததைக் கழட்டுவாங்களா சார்?”

“அவ்ளோ பிரியம் இருக்குல்ல? அப்போ கையெழுத்து?”

“அது வேற, இது வேற.”

இதன்பின் அவரிடம் கேட்கும் துணிவு பதிவெழுத்தருக்கு இல்லை. பிழைப்பையும் கெடுத்துவிட்டுக் கையெழுத்தும் கேட்பது எப்படி? கலைக்கூடத்துக்குத் தொலைபேசினார். அதே தெருவில் எடுத்த வேறொரு படத்தைத் தரலாம், படிவம் மட்டும் இதேதான் என்று ஒரு பெண்குரல் அயர்வோடு சொல்லிற்று.

வெள்ளி மாலை சலவைக்கடை அம்மாவிடம் அவருடைய படத்தை நீட்டினார்.

“ஐயோ, நானா இது? எவ்ளோ லட்சணமா இருக்கேன்! பாருங்கண்ணே,” என்று அந்த அம்மா பக்கத்துக் கடையின் சாவிக்காரரிடம் காட்டினார். பிறகு படிவத்தை வாங்கி உதடசைய வாசித்தார். இரண்டாம் முறை வாசித்தபோது சிரிப்பு மெல்ல மடிந்து ஒடுங்கிற்று.

“தம்பி, இந்த ‘எனக்குத் தெரியாமல்’னு இருக்கே, அது இருந்துதான் ஆகணுமா?”

“அதுதாங்க உயிர்நாடி! நடிச்ச படம்னு தெரிஞ்சா தூக்கிக் குப்பையில போட்டுடுவாங்க.”

“அப்படியா?” அம்மா ஏற்கெனவே தேய்த்து முடித்த சட்டை ஒன்றை எடுத்து மூன்று முறை தேய்த்தார். “துணி கருகுது தம்பி, அப்புறம் பேசலாம்.” துணி எதுவும் கருகவில்லை.

சாவிக்காரரோ படிவத்தைப் பார்த்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார். “இன்னிக்குக் கண்ணு சரியில்ல சார்.” மயிரிழை வேறுபாட்டைக் கண்ணாலேயே கண்டு அரத்தால் திருத்துகிறவர் அவர்.

தெரு தம்மைக் கைவிட்டுவிட்டது என்று பதிவெழுத்தர் உணர்ந்தார். பதினோரு ஆண்டுகள் ஒளிந்திருந்து எடுத்ததை இப்போது எழுத்தில் காட்டியதும் வெகுண்டுவிட்டார்கள் போலும். ‘எனக்குத் தெரியாமல்’ என்ற சொல்லைப் படிக்கும்போதெல்லாம் அவர்கள் முகம் மாறியதை அவரே கண்டாரே!

இந்நிலையில் வலிய வந்து வாய்த்தவர் மளிகைக்கடைக்காரர்.

“ஏன் சார், நானும் ஏழு வருஷமா இதே தெருவுலதான் கடை வெச்சிருக்கேன். என்னை ஒரு நாளாவது எடுத்திருக்கீங்களா?”

“நீங்க... அமையலைங்க.”

“எப்படி அமையும்? இந்த மூணு பேரும் என்னை எதுலயும் சேத்துக்கறதில்ல. நீங்க எடுங்க சார். தெரியாம எடுத்ததுன்னு நூறு கையெழுத்து போடுறேன்.”

நெறிக்கு இது முற்றிலும் புறம்பானது. ஆயினும் மைத்துனரின் கடை கண்முன் நின்றது. சனிக்கிழமை காலை பதிவெழுத்தர் மளிகைக்கடைக்கு எதிரே, ஒரு கம்பத்துக்குப் பின்னால், பாதி உடல் வெளியே தெரிய ஒளிந்துகொண்டார். கடைக்காரர் தலையைப் படிய வாரி, புதுச்சட்டை அணிந்து, நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

“நான் இங்க இருக்கிறதையே மறந்துடுங்க.”

“மறந்துட்டேன் சார்!” என்று அவர் கேமராவை நேராகப் பார்த்துச் சொன்னார்.

“ஏதாவது மும்முரமா செய்யுங்க.”

கடைக்காரர் ஒரு வெங்காயத்தை எடுத்து, பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அடுத்து, எடைத்தராசைத் தழுவிக்கொண்டார். நாற்பது படம் எடுத்தாயிற்று. நாற்பதிலும் காது இரண்டும் தெளிவாகத் தெரிந்தன.

“கொஞ்சம் இயல்பா இருக்கக் கூடாதா?”

“இதாங்க என் இயல்பு!”

“இது எதுவும் தேறாதுங்க.”

“தேறாதா? வாயைப் பிளந்துக்கிட்டுத் தூங்குறவன் தேறுவான், குளிச்சுட்டு நிக்கிறவன் தேறமாட்டானா? என்ன சார் நியாயம் இது?” குரல் கேட்டு ஆட்கள் கூடினார்கள். கையெழுத்துப் போட ஆயத்தமாக இருந்த ஒரே மனிதரும் பகையாளியானார்.

வீடு திரும்பிய பதிவெழுத்தர் பேனாவைத் திறந்து அந்தக் கோட்டின்மேல் சிறிது நேரம் பிடித்திருந்தார். முடிதிருத்துநரின் பெயர் ஆறே எழுத்து. ஆனால் கள்ளக் கையெழுத்துகளைக் கண்டுபிடித்தே இருபது ஆண்டுகளைக் கழித்த கை அது. தன்னைத் தானே பிடித்துக்கொண்டது. பேனாவை மூடிவிட்டு மனைவியிடம் போனார்.

“நாளைக்கு நீ வந்து ஒரு வார்த்தை கேளேன். நீ பேசினா மறுக்க மாட்டாங்க.”

“கேமராவைப் பிடுங்கக் காத்திருக்கறவளையே தூது அனுப்புறீங்க. உங்க சாமர்த்தியம் யாருக்கு வரும்!” என்றார் மனைவி. ஆனாலும் வந்தார்.

ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு மனைவி படிவத்தை வாங்கிக்கொண்டு சலவைக்கடைக்குள் போனார். பதிவெழுத்தர் சாவிக்காரரின் கடையோரம் ஒதுங்கி நின்றார். பேச்சு எதுவும் கேட்கவில்லை. பிறகு சலவைக்கடை அம்மா வாசலுக்கு வந்து கைதட்டி முடிதிருத்துநரை உள்ளே அழைத்தார். அதன்பின் உள்ளிருந்து ஒரு சிரிப்பு எழுந்தது. அவருக்கு நன்கு பழக்கமான சிரிப்பு. வீட்டில் கேட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

நான்கு மணிக்கு மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். படிவத்தின் கோடு வெறுமையாகவே இருந்தது.

“கையெழுத்து?”

“கிடைக்காது. அவங்க மேல எந்தத் தப்பும் இல்ல. இனிமே யார்கிட்டயும் கேக்காதீங்க.”

இருபது ஆண்டுகளில் கையெழுத்தில்லாத எத்தனையோ படிவங்களைத் திருப்பியனுப்பியவர் பதிவெழுத்தர்; அவற்றின் கதி அவருக்குத் தெரியும். கழுத்திலிருந்து வாரைக் கழற்றி, கேமராவை இரு கையாலும் மனைவியிடம் நீட்டினார்.

“உன் தம்பிகிட்ட சொல்லு. ஈரம் படாமப் பாத்துக்கணும்.”

மனைவி அதை வாங்கிச் சற்று நேரம் கையில் வைத்திருந்தார். பின்பு வாரை விரித்து மீண்டும் அவர் கழுத்திலேயே மாட்டினார்.

“என் தம்பி வேற வாங்கிப்பான். இது நம்ம வீட்லயே இருக்கட்டும்.”

“ஆனா படம்தான் சுவத்துல...”

“ஏறாட்டிப் போகுது. நீங்க மட்டும் ஒரு ஞாயிறுகூட விடக் கூடாது, ஆமா.” சொல்லிவிட்டு, முடிதிருத்துநர் கடைப்பக்கம் திரும்பி, “ஒன்பதரைதானே அண்ணே?” என்று கேட்டார். தம் கடைக்குத் திரும்பியிருந்த அவர், சட்டமிட்ட படத்துக்கு அடியில் நின்று தலையசைத்தார். மனைவி தெருமுனை வரை வேகமாக நடந்தார். அங்கே நின்று காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று பார்த்தார்.

பதிவெழுத்தருக்கு எதுவும் விளங்கவில்லை. சாவிக்காரரிடம் திரும்பினார். “நீங்களாவது சொல்லுங்க. நான் என்ன தப்புப் பண்ணேன்? ஏன் ஒருத்தர்கூடக் கையெழுத்து போட மாட்டேங்கறீங்க?”

சாவிக்காரர் அரத்தைக் கீழே வைக்கவில்லை. “சார், முதல் வருஷம் ஞாபகம் இருக்கா? படம் கிடைக்கிற வரைக்கும் நகரவே மாட்டீங்க. நீங்க நிக்கிற வரைக்கும் எந்தக் கடைக்கும் ஒரு ஆள் வராது.”

“ஆமா, அப்பல்லாம் அப்படித்தான். அப்புறம் தெரு என்னோட பழகிடுச்சு.”

சாவிக்காரர் சாவியின் பல்லிலிருந்த இரும்புத்தூளை ஊதினார்.

“பொய்க் கையெழுத்து எப்படி சார் போடுறது? அந்த ஞாயிறு தூங்குறது அவர் முறை. வர்ற ஞாயிறு, காத்துல பறக்குற குடையைத் துரத்திக்கிட்டு ஓடுறது உங்க வீட்டம்மா முறை.”