கிருஷ்ணப்பன் வாத்தியாரின் சொந்தச் சரக்கு

கம்பைநல்லூர் கிருஷ்ணப்பன் வாத்தியாருக்குத் தீபாவளி மலரில் முழுப்பக்கம் கிடைக்கப் போகிறது. மெட்ராஸ் வாரப் பத்திரிகை ஒன்று கடுதாசி போட்டிருந்தது. புதிதாகப் பன்னிரண்டு சிரிப்புத் துணுக்கு அனுப்ப வேண்டும். கூடவே, எல்லாம் சொந்தக் கற்பனைதான் என்று கையெழுத்துப் போட்டு ஒரு காகிதம். நடுவில் அவர் போட்டோ வரும். வாத்தியார் அன்றைக்கே தருமபுரிக்குப் பஸ் ஏறி, ஸ்டுடியோக்காரன் கோட்டை இரவல் வாங்கி மாட்டிப் போட்டோ எடுத்துக்கொண்டு வந்தார். பள்ளிக்கூடம் பூராவும் சொல்லியாயிற்று. ஹெட்மாஸ்டர் இவரைக் கண்டால் எழுவதா வேண்டாமா என்று நாற்காலியில் பாதியில் நின்றார்.

உண்மையில், வாத்தியாருக்குச் சுயமாக ஒரு சிரிப்பும் வராது. வகுப்பில் எவனாவது பக்கத்தில் பார்த்து எழுதினால் பிரம்பு முறியும்வரை விடமாட்டார். வீட்டுக்கு வந்தால் சம்சாரம் ராமக்காளின் வாயைப் பார்த்து எழுதுவார். அவள் சிரிக்கட்டும் என்று சொல்வதில்லை, உறைக்கட்டும் என்றுதான் சொல்வாள். வாத்தியார் வாங்கிக்கொண்டு, கை கழுவுகிற சாக்கில் கொல்லைப்பக்கம் போய் சாக்பீஸ் டப்பா அட்டையில் குறித்துவிடுவார். இதுவரை பதினேழு அச்சேறியிருந்தது. வீட்டுக்குள் மட்டும் பத்திரிகை வராமல் பார்த்துக்கொண்டார்.

பக்கத்து வீட்டு ஜுபைதா அதை வாங்குவாள் என்பதை யோசிக்கவில்லை. ஒருநாள் குழாயடியில் அவள் ஒன்றைப் படித்துக்காட்டி, போன வெள்ளிக்கிழமை நீங்கள் வாத்தியார் அண்ணனைத் திட்டியதல்லவா இது என்று ராமக்காளைக் கேட்டாளாம். இது வாத்தியாருக்கு ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது.

அவர் கண்டதெல்லாம், மலருக்குச் சரக்கு தேவைப்பட்ட நேரத்தில் சம்சாரத்தின் வாய் அமோகமாக விளைந்ததுதான். தினம் ஒன்று. அதுவும் நிறுத்தி நிதானமாக, எழுத வசதியாக.

"ஏனுங்க, தொப்பூர் மலை ஏறுற லாரிகூட உச்சிக்கு வந்தா சத்தம் கொறையுது. உங்க குறட்டை எந்த மலைக்குங்க போவுது?"

வாத்தியார் கொல்லைக்கு ஓடினார். மறுநாள், தலையில் இருக்கிற நாலு முடிக்கும் தனித்தனியாக எண்ணெய்க் குளியலா என்று கேட்டாள். அதுவும் அட்டையில் ஏறியது. பன்னிரண்டு தேறியதும், உறுதிமொழியில் பெரிய கையெழுத்தாகப் போட்டுத் தபாலில் சேர்த்தார்.

பத்து நாளில் பதில் வந்தது. தாங்கள் அனுப்பிய பன்னிரண்டும், தங்களுக்கு முன்பே, தங்கள் கதவு எண்ணிலிருந்தே, ராமக்காள் என்ற வாசகியிடமிருந்து ஒவ்வொரு கார்டாக வந்துவிட்டன. தபால் முத்திரையில் தேதி தெளிவாக இருக்கிறது. எழுதியவருக்கே உரிமை. இனித் தங்கள் துணுக்குகளை ஏற்பதற்கில்லை. அந்த அம்மையாரின் போட்டோவை உடனே எடுத்து அனுப்பிவைக்கவும்.

வாத்தியாருக்கு விளங்க அரைமணி நேரம் ஆயிற்று. முதலில் கார்டு எழுதிப் போட்டுவிட்டு, பிறகுதான் இவரைத் திட்டியிருக்கிறாள்.

அடுப்படிக்குப் போனார். ராமக்காள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஏ புள்ள, நான் உன் புருசன். நீ என்னைத் திட்டுறது எனக்குச் சொந்தமில்லையா?"

"வாங்கிக் கட்டிக்கறது மட்டுந்தாங்க உங்களுக்குச் சொந்தம்."

வாத்தியாருக்குக் கோபம் வரவில்லை. நல்ல சரக்கு. கை தன்னால் சட்டைப்பைப் பென்சிலுக்குப் போனது.

"எழுதாதீங்க," என்றாள் ராமக்காள், கீரையிலிருந்து தலையைத் தூக்காமல். "நீங்க இப்பிடிக் கேப்பீங்கன்னு அதை முந்தாநேத்தே போஸ்ட் பண்ணிட்டேன்."